கட்டுரை வெளியாகிவிட்டது, வாசகரிடம் போய்ச் சேர்ந்ததா?

ஆய்விதழில் கட்டுரை வெளியான அன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் செய்வது ஒன்றுதான். உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுத்துச் சமூக ஊடகத்தில் ஒட்டுவார்கள். சந்தா இல்லாத ஒருவர் அதைச் சொடுக்கினால் ஆய்வுச் சுருக்கம் ஒரு பத்தி தெரியும், அதன் கீழே பணம் கேட்கும் ஒரு பெட்டி நிற்கும். கட்டுரை திறந்த அணுக்கத்தில் இருந்தால் முழுவதும் திறக்கும். ஆனால் திறந்ததும் அவர் பார்ப்பது, அந்தத் துறைக்காரர்களுக்காக அந்தத் துறைக்காரர்கள் எழுதிய ஒன்றை.

ஆகவே பகிர்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. கோப்பைச் சட்டப்படியும் நிலையாகவும் எவருக்கும் எட்டும்படி வைப்பது ஒன்று. அதில் உள்ளதை உள்ளபடி, மிகைப்படாமல் சொல்வது மற்றொன்று. முதல் வேலை அலுப்பானது, ஆனால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். சேதம் அதிகம் நடப்பது இரண்டாவதில்தான். அந்தச் சேதம் செய்தியாளரின் மேசையில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே, ஆய்வாளரும் அவருடைய நிறுவனமும் சேர்ந்து எழுதும் குறிப்பிலேயே அது தொடங்கிவிடுகிறது.

எந்தப் படியைப் பகிரலாம்

ஒரே கட்டுரைக்கு மூன்று படிகள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது முன்பதிப்பு. மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களைச் சேர்த்தபின் இதழாசிரியர் ஏற்றுக்கொண்டது ஏற்கப்பட்ட படி. பதிப்பகம் பக்கம் அமைத்துத் தன் சின்னத்தோடு வெளியிடுவது இறுதிப் பதிப்பு. பின்னிரண்டுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இருக்காது, உரிமையில்தான் வேறுபாடு. சந்தா இதழ்களின் இறுதிப் பதிப்பைப் பொதுவெளியில் ஏற்றப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. ஏற்கப்பட்ட படியை நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் விடுகின்றன. சில உடனே விடும், சில 6 முதல் 24 மாதம் வரை காத்திருக்கச் சொல்லும். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று பெயர் மாறியுள்ள தரவுத்தளம் வழியே இதழின் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். ஆனாலும் கடைசிச் சொல் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துடையது. அதில் பதிப்புரிமையையே மாற்றிக் கொடுத்தீர்களா, வெளியிடும் உரிமத்தை மட்டும் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் சிக்கல் சட்டம் பற்றியதே அல்ல. ஏற்கப்பட்ட படி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாவது சுற்றுத் திருத்தத்தை இணை ஆசிரியர் ஒருவர் தன் கணினியிலிருந்து ஏற்றியிருப்பார், மற்றவர்களிடம் இருப்பது இரண்டாவது சுற்று. ஓராண்டு கழித்துத் தேடினால் பதிப்பகம் அனுப்பிய மெய்ப்புப் படிதான் அகப்படும். பதிப்பகத்தின் பக்க அமைப்பு ஏறிவிட்டதால் அதைப் பயன்படுத்த முடியாது. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே கடைசியாக ஏற்றிய கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள். வரி எண்களையும் திருத்தத் தடங்களையும் பக்கவாட்டுக் குறிப்புகளையும் நீக்குங்கள். கடைசியில் தொங்கும் படங்களை உரிய இடத்தில் சேருங்கள். முதல் பக்கத்தில் இது ஏற்கப்பட்ட படி என்றும், இதழின் பெயர், டிஓஐ எண் (கட்டுரைக்கு இடப்படும் நிலையான அடையாள எண்) என்னவென்றும் எழுதுங்கள். இணைப்புத் தரவுக் கோப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பங்கேற்பாளர்களின் பெயரோ பிறந்த தேதியோ ஒரு மறைத்த நெடுவரிசையில் அப்படியே கிடப்பதுண்டு.

கட்டுரையை அனுப்பும்போதே உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. தாங்கள் நிதி தரும் ஆய்வுகள் திறந்த அணுக்கத்தில் வெளிவர வேண்டும் என்ற பிளான் எஸ் திட்டத்துக்குப் பின்னால் உள்ள நிதி அமைப்புகள் 2020இல் இதை முன்வைத்தன. ஏற்கப்பட்ட படிக்குச் சிசி பை என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் திறந்த உரிமம் ஏற்கெனவே உண்டு என்று ஒரு வாக்கியத்தை அனுப்பும் பிரதியிலேயே சேர்ப்பதுதான் வழி. ஏற்பு வந்தபின் சேர்த்துப் பயனில்லை.

உரிமத்தைத் தேர்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிசி பை என்றால் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எதுவும் செய்யலாம். என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி சேர்ந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றிய வடிவமே. ‘யாராவது என் கட்டுரையைத் திரித்துவிடுவார்களோ’ என்ற பயத்தில் என்டியைத் தேர்பவர், அந்தக் கட்டுரை வேறு மொழியில் பரவுவதற்கான கதவையும் தாழிட்டுவிடுகிறார். திரிப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டுத் திரிப்பதில்லை. பொதுவாசகரை நினைத்துச் செய்யும் வேலைக்குச் சிசி பைதான் பொருத்தம்.

இனி இணைப்பு. முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுப்பதுதான் முதல் தவறு. நூலகத்தின் வழியாக உள்ளே போயிருந்தால் அந்த முகவரியில் நூலகத்தின் இடைச்சேவையகப் பெயர் ஒட்டியிருக்கும், வெளியாருக்கு அது உள்நுழைவுப் பக்கத்தைத்தான் காட்டும். டிஓஐ வடிவ முகவரியையே கொடுக்க வேண்டும். பதிப்பகம் கைமாறினாலும் இணையதளம் மாறினாலும் அது புதிய இடத்துக்கு அழைத்துப் போகும். எல்சிவியர் பதிப்பகம் கட்டுரை ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பகிர்வு இணைப்புக்கு ஆயுள் 50 நாள். வெளியான வாரத்தில் போட்ட பதிவு இரண்டு மாதம் கழித்துக் கட்டணச் சுவரில் முட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே டிஓஐயும் களஞ்சிய முகவரியும் என இரண்டு இணைப்புகள் போதும், இரண்டையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். வளாக இணையத்தில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஐபி முகவரியைப் பதிப்பகம் அடையாளம் கண்டுகொண்டு எல்லாவற்றையும் திறந்துவிடும். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

செய்திக்குறிப்பில் தொடங்கும் மிகை

2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் பின்னர் வந்த செய்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் கட்டுரை சொன்னதைவிட நேரடியான அறிவுரை இருந்தது. 33 சதவீதத்தில் வெறும் தொடர்பு காரணமாக உயர்த்தப்பட்டிருந்தது. 36 சதவீதத்தில் விலங்குகளிலோ உயிரணுக்களிலோ கண்டது மனிதருக்கு நீட்டப்பட்டிருந்தது. இதைவிட முக்கியம் அடுத்த கணக்கு. குறிப்பில் மிகை இருந்தபோது செய்திகளிலும் முறையே 58, 81, 86 சதவீதம் மிகை வந்தது. குறிப்பில் இல்லாதபோது அது 17, 18, 10 சதவீதம்தான். மிகைப்படுத்தியதால் கூடுதலாகச் செய்தி வந்தது என்பதற்கும் பெரிய சான்று கிடைக்கவில்லை.

செய்தியாளரைக் குறை சொல்லிப் பழகியவர்களுக்கு இது சங்கடமான கணக்கு. ஆனால் திருத்துவதற்கு வசதியான கணக்கும்கூட, ஏனென்றால் திருத்த வேண்டிய காகிதம் ஆய்வாளரின் கையிலேயே இருக்கிறது. செய்திக்குறிப்பை மக்கள்தொடர்பு அலுவலர் எழுதினாலும், வெளியிடும் முன் ஆய்வாளரிடம் ஒப்புதல் கேட்பது பொதுவான வழக்கம். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை எளிது. கட்டுரையின் முடிவுரையை ஒரு பக்கமும் குறிப்பை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் ஒப்பிடுங்கள். ‘தொடர்புள்ளதாகத் தெரிகிறது’ என்பது ‘குறைக்கிறது’ ஆகியிருக்கும். ‘எலிகளில்’ காணாமல் போயிருக்கும். ‘மேலும் ஆராயத்தக்கது’ என்பது ‘வழி பிறந்தது’ ஆகியிருக்கும்.

எலி விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். அல்சைமர் நோய் குறித்து எலிகளில் செய்த 623 ஆய்வுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் பிஎல்ஓஎஸ் பயாலஜி இதழில் வந்தது. தலைப்பில் எலியைக் குறிப்பிடாத கட்டுரைகளுக்கு அதிகச் செய்திகள் கிடைத்தன, அந்தச் செய்திகளின் தலைப்பிலும் எலி இல்லை. அதாவது மறைத்தால் பலன் உண்டு. அதனால்தான் இதை ஆய்வாளரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் நிறுவனத்தின் விதியாக்க வேண்டும். விலங்கு ஆய்வு என்றால் விலங்கின் பெயர் தலைப்பிலோ முதல் வாக்கியத்திலோ வந்தாக வேண்டும்.

செய்தித்தடைக் காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெரிய இதழ்கள் கட்டுரையைச் சில நாள் முன்கூட்டியே செய்தியாளர்களுக்குக் கொடுத்து, குறித்த நாளில் குறித்த மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்கின்றன. செய்திக்குறிப்புகளைச் செய்தியாளர்களுக்கு வழங்கி 1996 முதல் இயங்கும் யூரேக்அலர்ட் தளம் இந்த ஏற்பாட்டின் மீதே நிற்கிறது. இதில் நேரும் விபத்துகள் மிகச் சாதாரணமானவை. நேர வலயத்தைத் தவறாகக் கணக்கிடுவது ஒன்று. தடை விலகிய நிமிடத்தில் டிஓஐ இன்னும் உயிர்பெறாமல் இருப்பது மற்றொன்று. இரண்டாவதற்காகவே குறிப்பில் இதழின் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் முழுமையாக எழுத வேண்டும். முன்பதிப்பை ஏற்கெனவே களஞ்சியத்தில் வைத்திருந்தால் இதழ்கள் இப்போது பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆனால் அதைச் செய்தியாளர்களிடம் தேடிப்போய்க் கொடுப்பதைச் சில இதழ்கள் விரும்புவதில்லை. வேறிடத்தில் வெளியானதை ஏற்பதில்லை என்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1969இல் கொண்டுவந்த இங்கல்ஃபிங்கர் விதியின் எச்சம் அது. ஆசிரியர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

எண்களைச் சொல்லும் முறை

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்பது செய்தி. பொய் இல்லை. முந்தைய மாத்திரையில் 7000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் இருவருக்கு வந்தது. ஆனால் மக்களுக்குப் போனது ‘இரு மடங்கு’ மட்டுமே. பலர் மாத்திரையைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. கருவுறுதலும் கருக்கலைப்பும் தரும் இரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரை தருவதைவிட அதிகம்.

ஒப்பீட்டு விகிதத்தைத் தனியே விடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்ற முழு அபாயத்தை முதலில் சொல்லுங்கள். விகிதம் பின்னால் வரட்டும், வராமலும் போகட்டும். அடிப்படை எண்ணை வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றாதீர்கள். ‘250இல் ஒருவர்’ என்பதையும் ‘1000இல் ஏழு பேர்’ என்பதையும் அடுத்தடுத்து வைத்தால், எது பெரிது என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ‘1000இல் 4 பேர், 1000இல் 7 பேர்’ என்றால் பார்த்ததும் தெரியும்.

2015 அக்டோபரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதம் உயர்த்துகிறது என்றது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் ஒரு மக்கள்கூட்டத்தை வைத்துக்கொண்டால், 18 சதவீத உயர்வு 5ஐ ஏறக்குறைய 6 ஆக்கும். இதைச் சொன்ன செய்திகள் சிலவே. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் ‘சிகரெட்டுக்குச் சமம்’ என்ற தலைப்புகள்தான் ஓடின. அந்தப் பிரிவுகள் சான்றின் வலிமையை அளப்பவை, ஆபத்தின் அளவை அல்ல. உங்கள் துறையிலும் இப்படி ஒரு வகைப்பாடு இருந்தால், அது எதை அளக்கிறது என்பதை வகைப்பாட்டின் பெயர் வரும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்த பத்தியில் சொன்னால் வெட்டப்பட்டுவிடும்.

நம்பக இடைவெளியை (உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பை) விளக்க முயல வேண்டாம், அதன் இரு முனைகளையும் சொன்னால் போதும். ஒரு சிகிச்சை 12 சதவீதம் குறைத்தது, இடைவெளி 1 முதல் 22 என்றால், ‘ஏறக்குறைய மாற்றமே இல்லை என்பதிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு வரை, எதுவும் உண்மையாக இருக்கலாம்’ என்று எழுதலாம். அப்படி எழுதியபின் தலைப்பில் 12ஐ மட்டும் போட மனம் வராது.

பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்துவிட்டது என்பதைப் பொதுவாசகருக்கான உரையில் சொல்லவே தேவையில்லை. தேவைப்படுவது வேறொன்று: எத்தனை அளவுகளை எடுத்தீர்கள், அவற்றில் எதை முதன்மை என்று ஆய்வுக்கு முன்பே அறிவித்தீர்கள் என்பது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளை எடுத்தால், எந்த விளைவுமே இல்லாதபோதும் குறைந்தது ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் செய்தியாக்கினால், பொய் சொல்லாமலே வாசகரை ஏமாற்றியதாகும்.

எளிய சுருக்கத்தை எழுதுவது

மருத்துவச் சோதனைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டக் கடமை. 536/2014 எண் கொண்ட விதி, சோதனை முடிந்து ஓராண்டுக்குள் பாமரருக்கான சுருக்கம் வெளிவர வேண்டும் என்கிறது. மற்ற துறைகளில் விருப்பம்தான். 300 முதல் 400 சொற்கள் போதும். ஆய்வுக் கட்டுரையின் வரிசை (பின்னணி, முறை, முடிவு, விவாதம்) இங்கே தலைகீழாக வேண்டும். முதல் வாக்கியத்தில் கண்டது. இரண்டாவதில் யாரிடம், எத்தனை பேரிடம், எங்கே கண்டது. பிறகு எப்படிக் கண்டது, எவ்வளவு உறுதி, எது இன்னும் தெரியாது, பணம் யாருடையது. ஏற்கெனவே இருந்த ஆய்வுகளோடு இது ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்பதற்கு ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான சுருக்கங்களில் விட்டுப்போவது அதுதான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டுரையும் முதல் கட்டுரைபோலத் தோன்றும்.

எழுதியதும் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதைவிட வலுவாக அவர் எதைச் சொல்கிறாரோ அந்த வாக்கியம்தான் பழுது. கலைச்சொற்களால் வரும் புரியாமையைச் சரிசெய்வது எளிது, தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டுபிடிக்க இந்த வழியைவிட மலிவானது இல்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் இருந்தால், இந்தச் சுருக்கம் ஊடகத்துக்குப் போகும் முன் அவர்களிடம் போக வேண்டும். தங்கள் உடலையோ ஊரையோ பற்றிய முடிவை நாளிதழில் படித்து அறிவது அவமதிப்பு.

படங்களுக்கும் இதே கவனம் தேவை. இதழில் வந்த வரைபடத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது இரண்டு விதத்தில் தவறு: பதிப்புரிமை பதிப்பகத்திடம் இருக்கலாம், எழுத்து கைபேசியில் தெரியாது. தரவுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு. ஆகவே அதே எண்களைக் கொண்டு புதிதாக வரைந்துகொள்ளுங்கள். ஒரு படத்தில் ஒரு செய்தி இருந்தால் போதும். சிவப்பு, பச்சை என்ற வேறுபாட்டை மட்டும் நம்பாதீர்கள், பல ஆண்களுக்கு அது தெரியாது. பட்டை வரைபடத்தின் அச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும்.

பகிரவே கூடாதவையும் உண்டு. கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப்பல்லி சீனாவிலிருந்து 1999இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்டது. செல்லப்பிராணி வணிகர்கள் அந்தக் கட்டுரையைப் பின்பற்றிப் போய், விவரித்த இடத்திலேயே அது அற்றுப்போகும் அளவுக்குப் பிடித்துவிட்டார்கள். அரிய உயிரினங்கள், அகழாய்வு இடங்கள், நோயாளிகள் ஆகிய மூன்றிலும் இருப்பிடத்தைக் காட்டும் ஆயத்தொலைவுகளை மறைக்க வேண்டும். கைபேசியில் எடுத்த களப்படங்களில் ஜிபிஎஸ் தகவல் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ஏற்றும் முன் அதை நீக்குங்கள்.

வெளியிட்ட பின்

கட்டுரை மாறும், விளக்கம் மாறாமல் நிற்கும். 2010 டிசம்பரில் நாசா செய்தியாளர் கூட்டம் நடத்தி, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைப் பயன்படுத்தும் பாக்டீரியாவை அறிவித்தது. 2012இல் சயன்ஸ் இதழிலேயே இரண்டு மறுப்புகள் வந்தன. அந்த இதழ் மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025இல்தான், ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. 12 குழந்தைகளை வைத்து 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரையைத் திரும்பப் பெற 12 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட விளக்கங்களில் எத்தனையோ இன்றும் அப்படியே கிடக்கின்றன, தேடினால் அகப்படும்.

இதழ்ப் பக்கத்தில் உள்ள கிராஸ்மார்க் பொத்தான், கட்டுரை திருத்தப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா என்று காட்டும். உங்கள் விளக்கத்துக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை, நீங்கள்தான் அதற்குப் பொறுப்பு. மேலே எழுதிய தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, இது கட்டுரையின் எந்தப் படியைப் பற்றியது, பிழை கண்டால் யாருக்கு எழுத வேண்டும் என நான்கு தகவல்கள் இருக்கட்டும். முன்பதிப்பை வைத்து எழுதியிருந்தால், இறுதிப் பதிப்பு வந்ததும் முடிவுகளை ஒப்பிட்டு மாற்றுங்கள், மதிப்பாய்வில் எண்கள் நகர்வதுண்டு. தரவையும் விளக்கத்தையும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் வைத்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ கிடைக்கும், எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்றும் கிடைக்கும். பொதுவானது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே அழைத்துப் போவதால் பகிர வேண்டியது அதைத்தான். கட்டுரையே திரும்பப் பெறப்பட்டால் விளக்கத்தை அழித்துவிடாதீர்கள். அதற்கு இணைப்புக் கொடுத்தவர்கள் வெற்றுப் பக்கத்தைக் கண்டு, பழைய முடிவையே நினைவில் வைத்திருப்பார்கள். உரையை அப்படியே விட்டு, தலைப்பிலேயே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சேர்த்து, ஏன் என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள்.